பைபர் போட்டுக்கு எந்த மெட் எங்க போடோணும்: லோட பாத்து லேமினேட் போடுங்கோ

திருகோணமலைப் பக்கம் திருக்கடலூர், சல்லி, நிலாவெளிக் கரையில ஒட்டு விழாத பைபர் போட்ட தேடிப் பிடிக்கிறது கஷ்டம், அந்த ஒட்டும் அனேகமா ஒரே மாதிரித்தான், வெடிச்ச இடத்தில மெட்ட, அதாவது கண்ணாடி நார் விரிப்ப, மூண்டு லேயர் போட்டு, இறுகிற பிசினான ரெசின ஊத்தி விடுறது. தடிப்பாப் போட்டா பலம் எண்டு ஒரு நினைப்பு. உண்மையில இழுவையத் தாங்குறது கண்ணாடி நார்தான், ரெசின் அந்த நார அசையாமப் பிடிச்சு வச்சு ஒண்டில இருந்து மற்றதுக்கு லோட கடத்துது, அதால நார் எந்தப் பக்கம் ஓடுது எண்டத முதல் பாக்கோணும், தடிப்பு பிறகு.

மெட் வாங்கப் போக முதல் போட் கடலில என்ன பாடு படுது எண்டு யோசியுங்கோ. வாடை நேரம் அணியம் எழும்பி அலையில அடிச்சு விழேக்க அடித்தட்டு, போட்டுக்குள்ள விலா மாதிரி நிக்கிற ரெண்டு சட்டத்துக்கு நடுவில உள்ளுக்கு வளையும், அப்ப உள்பக்கம் இழுபடும் தண்ணிப்பக்கம் நெருக்குப்படும், ஆனா சட்டத்துக்கு நேரா வாற இடத்தில இது அப்பிடியே மாறி வெளிப்பக்கம் இழுபடும். வெளியில சட்டத்தின்ர நேருக்கு ஜெல்கோட் எண்ட வெளிப்பூச்சு கோடு கோடா வெடிக்கிறது அதாலதான், அதுக்கு மேல பெயின்ட் அடிச்சு ஒரு பிரயோசனமும் இல்ல. எஞ்சின் பூட்டுற பின்பலகை மூலையில வளைவோட முறுக்கும் சேந்து வரும்.

இனி சாமான். நறுக்கின நார் மெட், 300 கிராம் 450 கிராம் எண்டு வாறது, நார் கண்டபடி கிடக்கிறதால எல்லாப் பக்கமும் ஒரே பலம், ஆனா அந்தப் பலம் குறைவு, ரெசினையும் நல்லாக் குடிக்கும், ஒரு கிலோ மெட்டுக்கு ரெண்டு ரெண்டரைக் கிலோ போகும். வோவன் ரோவிங் ஓலைப்பாய் மாதிரி நெடுக்கும் குறுக்கும் பின்னினது, கிலோவுக்குக் கிலோ ரெசின் காணும், விறைப்பு மெட்ட விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா நெடுக்கு குறுக்கா இழுத்தாத்தான் அந்தக் கணக்கு, மூலைவாட்டா இழுத்தா லோட் நாரில ஏறாம ரெசினில ஏறும். நெருக்கும்போதும் கொஞ்சம் பலம் குறையும், பின்னல்ல நார் ஏற்கனவே வளைஞ்சிருக்கு, வளைஞ்ச நார் லேசா நெளிஞ்சிடும். அதால முறுக்கு வாற மூலையளுக்கு 45 டிகிரியில தைச்சு வாற துணி நல்லது, கிடைக்காட்டி ரோவிங்கையே மூலைவாட்டா வெட்டிப் போடுங்கோ. ஒரே பக்கம் நார் ஓடுற துணி நெடுக்கா ஓடுற சட்டங்களுக்கு மட்டும், குறுக்கால இழுத்தா அதின்ர பலம் 20 மடங்குக்கும் மேல குறைஞ்சுபோம். கார்பன் பற்றிக் கேக்கிற பெடியளும் இருக்கினம், விறைப்பு நல்லம்தான், ஆனா தாக்கம் பட்டா சடாரெண்டு முறியும், அலுமினியத்தில முட்டினா உப்புத்தண்ணியில அலுமினியத்தத் திண்டுபோடும், மீன்பிடிப் போட்டுக்குத் தேவையில்லாத செலவு.

ரோவிங்குக்கு மேல நேரா ரோவிங் போடாதேங்கோ. ரெண்டு பின்னலுக்கும் நடுப்பள்ளத்தில ரெசின் மட்டும் நிண்டு அந்த இடம்தான் முதல் உரியும், நடுவில ஒரு மெட் போட்டா அது பள்ளத்த நிரப்பிப் பிடிக்கும். தட்டின்ர தடிப்பில நடுக்கோட்டுக்கு மேலயும் கீழயும் ஒரே வரிசை வாற மாதிரியும் அடுக்குங்கோ, இல்லாட்டித் தட்டு காயேக்கயே முறுகும்.

லேமினேட், அதாவது இப்பிடி அடுக்கி இறுகின தட்டு, ஒரேயடியா முறியாது. குறுக்கா ஓடுற நாருக்கு நடுவில ரெசின்தான் முதல்ல வெடிக்கும், சின்னதா டிக் டிக் எண்டு கேக்கும், அந்த இடம் வெள்ளையாப் போகும். பிறகு லேயர் லேயரா உரியும், தண்ணி உள்ள போகும், நார் அறுறது கடைசியிலதான். ஒரு ரூபாய்க் குத்தியால தட்டிக்கொண்டு போங்கோ, நல்ல இடம் டிங் எண்டும், உரிஞ்ச இடம் பொத்தெண்டும் கேக்கும். பழைய போட்டில என்ன போட்டிருக்கு எண்டு தெரியோணுமெண்டா வெட்டின துண்டொண்ட வெளியில வச்சு எரியுங்கோ, ரெசின் கரும்புகையோட எரிஞ்சுபோக கண்ணாடி அப்பிடியே மிஞ்சும், ஆறின பிறகு லேயர ஒவ்வொண்டா உரிச்சு எண்ணலாம். புகைக்குள்ள நிக்காதேங்கோ.

ஒட்டுப் போடேக்க வெடிப்பின்ர விளிம்பச் சரிவாத் தேயுங்கோ, தடிப்பின்ர 12 மடங்குக்கு, 5 மில்லிமீட்டர் தட்டெண்டா 60 மில்லிமீட்டர். செங்குத்தா வெட்டி ஒட்டினா லோட் முழுக்க அந்த ஒரு விளிம்பில வந்து நிக்கும். சட்டத்துக்கு நடுவில தட்டு அதிகம் வளையுதெண்டா தடிப்புக் கூட்டுறது சரி, ரெண்டு மடங்காக்கினா விறைப்பு எட்டு மடங்கு வரும், எண்டாலும் இன்னொரு சட்டம் வைக்கிறது பாரத்துக்கும் காசுக்கும் லாபம்.

ரெசின இறுக வைக்கிற ஹாட்னர் ரெசின்ர நிறையில 1இல இருந்து 2 வீதம். கச்சான் காத்துக் காலத்து வெயிலில மத்தியானம் கலந்தீங்களெண்டா கோப்பைக்குள்ளயே கொதிச்சு இறுகிடும், காலமையில கொஞ்சம் கொஞ்சமாக் கலவுங்கோ. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கோ, ரெசின் கெதியா இறுகச் சேக்கிற கோபால்டையும் ஹாட்னரையும் நேரா ஒண்டோட ஒண்டு சேக்கவே கூடாது, வெடிக்கும்.