வாயைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்: மீடியத்திடம் போகிறவர்களுக்கு

இறந்தவருடன் பேச வைக்கிறேன் என்று சொல்லும் மீடியத்திடம் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மேடையில் மனதைப் படிப்பதுபோல் வித்தை காட்டுகிறவன் நான். எந்த ஆவியும் எனக்கு ஒத்தாசை செய்வதில்லை. போகாதீர்கள் என்று சொல்லி யாரும் நின்றதாகவும் எனக்கு நினைவில்லை. அதனால், போவதென்றால் எப்படிப் போவது என்று சொல்லிவிடுவதே என் வழக்கம்.

முன்பதிவிலேயே கவனம் வேண்டும். முழுப் பெயரையும் வழக்கமான கைபேசி எண்ணையும் கொடுத்தீர்களானால் இரங்கல் பதிவு, பழைய பிறந்தநாள் வாழ்த்து, குடும்பப் படம் எல்லாம் சில நிமிடங்களில் எதிராளி கைக்குப் போய்விடும். எங்கள் தொழிலில் இதை ஹாட் ரீடிங் என்போம். சமூக ஊடகத்தில் உங்களோடு தொடர்பே இல்லாத ஒருவர் மூலம் நேரம் வாங்குங்கள். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர் அன்பாக விசாரித்தால் வானிலையைப் பற்றிப் பேசுங்கள்.

அப்புறம், கேள்வி. இறந்தவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியத்தைக் கேட்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மாயவித்தைக்காரர் ஹூடினியும் மனைவி பெஸ்ஸும் அப்படித்தான் ஒரு சங்கேதச் செய்தியைப் பேசி வைத்திருந்தார்கள். 1926 அக்டோபர் 31-ல் ஹூடினி இறந்தார். 1929-ல் ஒரு மீடியம் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார் என்று பரபரப்பு கிளம்பியது. ஆனால் அந்தச் சங்கேத முறை அதற்கு முந்தைய ஆண்டே ஒரு புத்தகத்தில் அச்சாகியிருந்தது. பெஸ் 1936 வரை காத்திருந்துவிட்டு, கணவரோடு பேசும் முயற்சியைக் கைவிட்டார். இரண்டு பேருக்குத் தெரிந்த ரகசியம் எப்படியாவது கசியும். அது கசியாவிட்டாலும் உங்கள் முகம் கசியவிடும். ஆகவே உங்களுக்கே பதில் தெரியாத, ஆனால் பிறகு சரிபார்க்கக்கூடிய கேள்வியாக வையுங்கள். இறந்தவரின் பழைய நாட்குறிப்பு ஒன்றை நீங்கள் படிக்காமல் வேறொருவரிடம் கொடுத்து, அதிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எழுதித் தரச் சொல்லலாம். விடை அவரிடமே இருக்கட்டும். உங்களோடு அவர் வர வேண்டாம்.

உள்ளே போனதும் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு, கொண்டுபோன கேள்வியைக் கேட்பதோடு சரி, 'ஆம்', 'இல்லை', 'தெரியாது' தவிர எதுவும் பேசாதீர்கள். சொல்வது சுலபம், துக்கத்தில் இருப்பவருக்குச் செய்வது ரொம்பக் கஷ்டம். "ரா... ரவி, ராமு, அந்த மாதிரி ஒரு பெயர் வருகிறது" என்றதுமே நாம் "ராஜேந்திரன் சித்தப்பாவா?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவோம். வீட்டுக்கு வந்தபின், சித்தப்பா பெயரை மீடியமே சொன்னதாகத்தான் நினைவிருக்கும். "நெஞ்சுப் பக்கம் ஒரு அழுத்தம் தெரிகிறது" என்பார்கள். எந்த நோயில் போனாலும் கடைசியில் மூச்சும் இதயமும்தானே நிற்கின்றன?

இந்தத் தந்திரங்களில் எனக்கே பிடித்தது எதிர்மறைக் கேள்விதான். "அவருக்குத் தண்ணீரில் ஆபத்து எதுவும் நேரவில்லையே?" என்று கேட்டுப் பாருங்கள். 'இல்லை' என்றால் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" எனலாம். 'ஆமாம், ஒருமுறை முழுகப் பார்த்தார்' என்றால் "அதுதான் எனக்குத் தெரிகிறது" எனலாம். நான் மேடையில் இதைச் சொல்லும்போது எந்தப் பதில் வந்தாலும் கைதட்டல் உண்டு. பதிவைத் திரும்பக் கேட்கும்போது 'இல்லையே', 'அல்லவே' என்று முடியும் வாக்கியங்களைத் தேடிப் பிடியுங்கள்.

இருட்டறை அமர்வு என்றால் நான் போகமாட்டேன், அவ்வளவுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இருட்டில் பார்க்க முடியாது. 1848-ல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் சகோதரிகள் வீட்டில் கேட்ட தட்டும் சத்தத்திலிருந்துதான் ஆவிகளோடு பேசும் இந்த அலையே கிளம்பியது. கால் விரல் மூட்டைச் சொடுக்கியே அந்தச் சத்தத்தை எழுப்பினோம் என்று 1888-ல் மார்கரெட் ஃபாக்ஸ் நியூயார்க் மேடையில் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே அந்த வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓஜா போர்டு, அதாவது விரல் வைத்தால் ஆவி எழுத்து எழுத்தாகப் பதில் காட்டும் என்று சொல்லும் பலகை என்றால் சோதனை எளிது. விரல் வைத்திருக்கும் எல்லோருடைய கண்களையும் கட்டிவிட்டு, அவர்களுக்குத் தெரியாமல் பலகையைத் திருப்பி வையுங்கள். வெளியாள் ஒருவர் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் ஆவிக்கு எழுத்து மறந்துவிடும். யாரும் வேண்டுமென்றே தள்ளுவதில்லை. நாம் அறியாமலே தசை அசைகிறது. எல்லோரும் கை வைத்திருக்கும் மேசையை ஆவி நகர்த்துவதாகச் சொல்லும் அமர்வுகளில் நடப்பதும் இதுதான் என்று 1853-லேயே மைக்கேல் ஃபாரடே கருவி வைத்துக் காட்டிவிட்டார்.

மறுநாள் பதிவை எழுத்தாக்குங்கள். அதே மீடியத்திடம் போன இன்னொருவரின் எழுத்துப் பிரதியும் கிடைத்தால் நல்லது. பெயர்களை அடித்துவிட்டு இரண்டையும் உங்களை நன்கு அறிந்த மூன்றாமவரிடம் கொடுத்து, உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1948-ல் உளவியலாளர் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே குணவிவரத்தைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு 5-க்குச் சராசரி 4-க்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். நாமும் அப்படித்தான் போடுவோம்.

எல்லா மீடியமும் ஏமாற்றுக்காரர் இல்லை. தன் மனதில் தோன்றுவது ஆவியின் குரல்தான் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் "உங்கள் அப்பா இன்னும் தவிக்கிறார், அடுத்த அமர்வில் சரிசெய்யலாம்" என்று யாராவது பயமுறுத்தினால் அந்த நிமிடமே எழுந்துவிடுங்கள்.

துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பும் வழியில் வாதாடாதீர்கள், அழுதால் அழட்டும். வீட்டிலேயே இறந்தவரின் குரல் கேட்கிறது, பக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறது என்று சொன்னால் பதறவும் வேண்டாம். வேல்ஸில் ஒரு மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் அப்படிச் சொன்னார்கள். அது நோயல்ல, அதற்குக் கட்டணமும் இல்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மீடியத்திடம் மறுபடி போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எத்தனை முறை, எவ்வளவு பணம் என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.