சாமி கும்பிடுகிறவர் சாப்பாட்டுக் கடை நடத்துவது எப்படி

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் சித்தி மகள் வரும் தை மாதம் மெஸ் ஆரம்பிக்கிறாள். மாடியில் நிச்சயம், காதுகுத்து மாதிரி விசேஷங்களுக்கு ஒரு சின்ன ஹால். போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, நம்ம கடை, நம்ம முதல். விரதம் இருந்து சமைக்கிறோம். வேண்டாதவங்களை வேண்டாம்னு சொல்லலாமுங்களா?" காங்கேயத்தில் 22 வருடமாகச் சைவ மெஸ் நடத்துகிறேன். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என்ன சமைப்பது, என்றைக்குக் கடை திறப்பது, இது முழுக்க உங்கள் இஷ்டம். என் மெஸ்ஸில் முட்டைகூடக் கிடையாது. கிருத்திகை அன்று வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நாட்களில் கடை பூட்டியிருக்கும். கல்லாவுக்கு மேல் சிவன்மலை ஆண்டவர் படம். பக்தர் கனவில் ஆண்டவர் கேட்ட பொருளை வைத்துப் பூஜிக்கும் அந்தக் கோயில் உத்தரவுப் பெட்டியில் பொருள் மாறினால் அன்று முழுக்கக் கடையில் அதே பேச்சு. பக்கத்துத் தெரு பிரியாணிக் கடை பாய் வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையைச் சாத்துவார், ஹலால் கறிதான் போடுவார். இதிலெல்லாம் யாருக்கும் குறை இல்லை. ஆம்லெட் இல்லை என்றால் கலெக்டருக்கும் இல்லை, மில் லோடுமேனுக்கும் இல்லை.

யார் வந்து உட்கார்வது என்பதில்தான் நம் இஷ்டம் செல்லாது. மதச் சுதந்திரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம், மற்ற அடிப்படை உரிமைகள் இவற்றுக்கு உட்பட்டுத்தான் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. அந்த மற்ற உரிமைகளில் ஒன்று 15(2). மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாக வைத்துக் கடைக்குள்ளோ ஓட்டலுக்குள்ளோ ஒருவரைத் தடுக்கக் கூடாது. இது அரசாங்கத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், நம் சொந்தக் கடைக்கும்தான். 'கடை' என்ற சொல்லை அகலமான பொருளில்தான் போட்டிருக்கிறோம், சேவை தரத் தயாராக இருக்கும் ஆளையும் அது சேர்க்கும் என்று அம்பேத்கர் 1948-லேயே அரசியல் நிர்ணய சபையில் விளக்கிவிட்டார்.

அடுத்தது 17-ஆம் பிரிவு, தீண்டாமை ஒழிப்பு. அதற்காக வந்த 1955 சட்டத்தில் ஓட்டல் என்றால் காபிக் கடை, லாட்ஜ் எல்லாம் அடக்கம். கடை என்றால் சலவைக் கடையும் சலூனும் சேர்த்தி. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. லைசென்ஸும் போகலாம். உள்ளே விட்டுவிட்டால் மட்டும் போதாது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே விலையில் கொடுக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் பட்டியல் சாதிக்காரர் என்றால், தீண்டாமையால்தான் மறுத்தீர்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. இதற்கு மேல் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு கடைக்குள் வராமல் தடுப்பதும், பொதுவில் வைத்திருக்கும் பாத்திரத்தைத் தொடவிடாமல் செய்வதும் அதில் வருகிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை. முன்ஜாமீனையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

பாத்திரம் என்றதும் எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வரும். 1970-களில் ஊருக்கு வெளியே டீக்கடை வைத்திருந்தார். ஓலைச் சாய்ப்பில் ஆறு கண்ணாடி டம்ளர் தனியாகச் செருகியிருக்கும். அதில் குடித்தவர்களே கழுவித் திரும்பச் செருகிவிட்டுப் போக வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அப்பா அப்படிக் குத்தவைத்து டீ குடித்ததை ஒரு நாள் அவளும் நானும் சேர்ந்தே பார்த்தோம். மறுநாள் அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் கேட்டேன். "ஊர் வழக்கம் அம்மணி, சாமிக்கே ஆகாது" என்றார். விளக்கு வைக்காமல் கடை திறக்காத மனுஷன். அப்போதே 1955 சட்டம் இருந்தது. 1976-ல் அதைத் திருத்தியபோது, மதத்தையோ சாதி வழக்கத்தையோ காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்துவதே அதைத் தூண்டுவதாகும் என்று சேர்த்துவிட்டார்கள். அப்பா சொன்ன அந்த ஒரு வரியே குற்றக் கணக்கில் வருகிறது. இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

அதனால் கடைக்குச் சாமான் வாங்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். டம்ளர், தட்டு எல்லாம் ஒரே அளவு, ஒரே அச்சு. பேப்பர் கப் வைப்பதானால் எல்லோருக்கும் பேப்பர் கப். சிலருக்கு மட்டும் பேப்பர் கப், சிலருக்கு மட்டும் "பார்சல் வாங்கிக்குங்க" என்பதெல்லாம் அந்த ஓலைச் சாய்ப்பு டம்ளர்தான், வேறு வடிவத்தில். உட்கார வைப்பது வந்த வரிசைப்படி. முக்கியமாக, பரிமாறும் பையன்களிடம் சொல்லி வையுங்கள்: "எந்த ஊருங்க?" என்று கேட்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்து எந்தத் தெரு, எந்தப் பக்கம், யார் வீடு என்று போகும் கேள்வி எதற்கு என்று கொங்கு நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கேட்கப்பட்டவருக்கும் தெரியும்.

அப்புறம், பிரச்சினை பெரும்பாலும் நம்மிடமிருந்து வராது, பழைய வாடிக்கையாளரிடமிருந்து வரும். அரிசி மில்லிலும் தேங்காய்க் களத்திலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா பையன்கள் மதியம் என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய மனுஷர், மாதக் கணக்குக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தடுப்பு போட்டுருங்க அம்மா, அவங்க அந்தப் பக்கம்" என்றார். இந்த இடத்தில் நீட்டிப் பேசக் கூடாது. "இங்க ஒரே பந்திதானுங்க. இலை போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். எழுந்து போய்விட்டார். அந்த மாதம் பதினொரு பேர் கணக்கை முடித்துக்கொண்டார்கள். நாலு பேர் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. நஷ்டம் நிஜம்தான். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

திருநங்கைகளுக்கும் இதேதான். பொதுமக்களுக்கான பொருளையும் சேவையையும் அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று 2019 சட்டம் சொல்கிறது.

ஹால் விஷயத்தில் விதிகளை முன்பதிவு ரசீதின் பின்புறமே அச்சடித்துவிடுங்கள்: கறி இல்லை, மது இல்லை, வாடகை இவ்வளவு. பிறகு கேட்கிறவர் நிக்காஹ்வுக்குக் கேட்டாலும், மோதிரம் மாற்றக் கேட்டாலும், ஐயர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் வைத்தாலும் அதே ரசீதுதான். சுயமரியாதைத் திருமணம் 1967-ஆம் வருடச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் சட்டப்படி செல்லும். சாதி மாறிக் கட்டும் பிள்ளைகள் வந்து நின்றால் "அந்தத் தேதி புக் ஆயிருச்சுங்க" என்று பொய் சொல்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். புக்கிங் நோட்டு பெஞ்சு மேல் திறந்தே இருக்கட்டும்.

பத்திரிகை அடிப்பவர்களுக்கும் கேக்கில் எழுத்துப் போடுபவர்களுக்கும் இன்னொரு சிக்கல் வரும். என் தம்பி அச்சகம் வைத்திருக்கிறான். இன்னொரு மதத்தைத் திட்டும் நோட்டீஸ் வந்தால் அடிக்க மாட்டான். சரிதான், யார் கொண்டுவந்தாலும் அடிக்க மாட்டான் என்பதால். பெல்ஃபாஸ்ட்டில் ஒரு பேக்கரி, ஒரே பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த வழக்கில், 2018-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பிரித்துப் பார்த்தது: மறுத்தது அந்த வாசகத்தை, வந்த ஆளை இல்லை என்று பேக்கரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது நம் ஊர்க் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள நல்ல கேள்வி: இதே வாசகத்தை என் மாமன் மகன் கொண்டுவந்தால் அடிப்பேனா? அடிப்பேன் என்றால் நான் மறுத்தது ஆளைத்தான்.

போர்டு பற்றியும் அவள் கேட்டாள். 'சுத்த சைவம்' என்று பெரிதாக எழுதலாம், முருகன் பெயரே வைக்கலாம். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் சிவ பக்தர்கள் கங்கைத் தண்ணீர் சுமந்து போகும் கன்வர் (காவடி) யாத்திரை வழிக் கடைக்காரர்கள் தங்கள் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. என்ன வகைச் சாப்பாடு என்று எழுதினால் போதும் என்றது. சாப்பிட வருகிறவருக்கும் அது தெரிந்தால் போதும்.

நேற்று மறுபடி கூப்பிட்டாள், எத்தனை டம்ளர் வாங்குவது என்று. அறுபது எவர்சில்வர், எல்லாம் ஒரே அச்சில், கூடப் பத்து. பால் காய்ச்சுகிற அன்று முதல் பந்தியில் கொத்தனாரையும், பெயின்ட் அடித்தவர்களையும், கக்கூஸ் பைப் போட்டவர்களையும் உட்கார வைத்து அவளே இலை போட வேண்டும், அரிசியும்பருப்பும் சாதம் நான் வந்து ஆக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.