சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: தசையைத் தொடும் முன் பையை எப்போது எடுக்க வேண்டும்?

"நோய் இன்னும் தசைக்குள் போகவில்லை, ஆனாலும் பையை எடுத்துவிடலாம்" என்று யூராலஜிஸ்ட் சொன்னால் குடும்பமே திகைத்துப் போகும். ஆரம்ப நிலைக்கு இவ்வளவு பெரிய ஆபரேஷனா? பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லைதான். ஆனால் உயர் தரக் கட்டிகளில் (ஹை கிரேடு, அதாவது வேகமாக வளரும் வகை) ஒரு பகுதி, காத்திருக்கும் காலத்திலேயே தசைக்குள் இறங்கிவிடுகின்றன. இறங்கும் முன் பையை எடுத்தவர்களில் 80%க்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகள் நோயின்றி இருக்கிறார்கள். இறங்கிய பிறகு எடுத்தால் அந்தப் பலன் வெகுவாகக் குறையும். அதனால் எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதை முதல் மாதத்திலேயே டாக்டரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேதாலஜி ரிப்போர்ட். அதில் தேட வேண்டியது கட்டியின் பெயரை அல்ல, பையின் தசைச் சுவரைக் குறிக்கும் "டெட்ரூசர் மசில்" அல்லது "மஸ்குலாரிஸ் ப்ராப்ரியா" என்ற சொல்லை. மூத்திரக் குழாய் வழியாகக் கருவி விட்டுச் சுரண்டி எடுத்த சதையில் தசை இருந்து, அதில் நோய் இல்லை என்றால்தான் "தசையைத் தொடவில்லை" என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. தசையே வரவில்லை என்றால் அந்த ரிப்போர்ட் எதையும் உறுதி செய்யவில்லை. டி1 கட்டிக்கு (உள்தோலைத் தாண்டி, தசைக்கு முந்தைய அடுக்கு வரை புகுந்தது), தசை வந்திருந்தாலும், 2 முதல் 6 வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பாதிப்பேருக்கு மிச்சக் கட்டி கிடைக்கிறது. சிலருக்கு நோய் தசைக்குள் போயிருப்பதே அப்போதுதான் தெரிகிறது. "ஒருமுறைதான் எடுத்தாச்சே" என்று இதைத் தவிர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் முதல் தவறு.

மறுமுறை சுரண்டியும் உயர் தர டி1 மிச்சம் இருந்தாலோ, டி1-உடன் சி.ஐ.எஸ். எனும் தட்டையான புற்று சேர்ந்திருந்தாலோ, நுண் ரத்த, நிணநீர்க் குழாய்களில் செல்கள் புகுந்திருந்தாலோ, மைக்ரோபாப்பிலரி, பிளாஸ்மாசைட்டாய்டு போன்ற வேறு வகைச் செல்கள் தெரிந்தாலோ, உடல் தாங்குமானால் பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி. மருந்துக்கு முன்பே ஆபரேஷனைப் பற்றிப் பேசுங்கள்.

மற்றவர்களுக்கு பி.சி.ஜி. மருந்து. இது குழந்தைகளுக்குப் போடும் காசநோய்த் தடுப்பு மருந்தேதான், அளவு மட்டும் மிக அதிகம். சுரண்டிய 2 வாரமாவது கழித்து, வாரம் ஒன்றாக 6 டோஸ், டியூப் வழியாகப் பைக்குள். 2 மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். பிறகு 3, 6, 12-ஆம் மாதங்களில் மூன்று மூன்று டோஸ், அதன்பின் அரையாண்டுக்கு ஒருமுறை, மொத்தம் 3 ஆண்டு வரை. சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், அல்லது டியூப் போடும்போதே ரத்தம் வந்தால் அன்றைய டோஸ் வேண்டாம். மருந்திலுள்ள உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிடக்கூடும்.

டோஸ் தேதிகளைத் தவறாமல் குறித்து வையுங்கள். முதல் ஆறில் ஐந்தும், அடுத்த சுற்றில் குறைந்தது இரண்டும் போட்டிருந்தால்தான் பொதுவாக "போதிய பி.சி.ஜி." என்று கணக்கு. பாதியில் விட்டுவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று சொல்ல முடியாது.

3-ஆம் மாதம் பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப்தான் முதல் எல்லை. அதில் உயர் தர டி1 இருந்தால் மேலும் பி.சி.ஜி. போட்டு நாளைக் கடத்த வேண்டாம், பையை எடுப்பதே முறை. சி.ஐ.எஸ். மட்டும் மிச்சமிருந்தால் விஷயம் வேறு. அது மெதுவாகத்தான் மறையும், அதனால் இன்னொரு சுற்று போட்டு 6-ஆம் மாதம் வரை பார்க்கலாம். போதிய பி.சி.ஜி. முடிந்த 6 மாதத்துக்குள் உயர் தரக் கட்டியோ, 12 மாதத்துக்குள் சி.ஐ.எஸ்.ஸோ திரும்பினால் பி.சி.ஜி. தோற்றது என்று பொருள். பை சுத்தமாக இருந்தும் சிறுநீரில் புற்றுசெல் தெரிகிறதா? கிட்னியிலிருந்து பைக்கு வரும் சிறுநீர்க்குழாய்களையும், ஆண்களுக்கு புராஸ்டேட் பகுதி மூத்திரக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கும் உடல் தாங்காதவர்களுக்கும் பைக்குள் ஜெம்சிடபின்-டோசிடாக்செல் எனும் கீமோ மருந்துகள், நரம்பு வழி பெம்ப்ரோலிசுமாப் எனும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்து போன்ற வழிகள் உண்டு. பெம்ப்ரோலிசுமாப் சோதனையில் சி.ஐ.எஸ். உள்ளவர்களில் சுமார் 41% பேருக்கு முதலில் நோய் மறைந்தது. பலருக்கு அது திரும்பியும் வந்தது. இதைத் தேர்ந்தெடுத்தால் 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் கட்டாயம்.

எடுப்பதென்று முடிவானால் 3 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். ஆனால் இடைப்பட்ட வாரங்களை வீணாக்கவும் வேண்டாம். சிகரெட், பீடியை அன்றே நிறுத்துங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, சாப்பாட்டில் புரதம் இவற்றைச் சரிசெய்யுங்கள். ஆண்களுக்கு புராஸ்டேட்டும், பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பையும் சேர்ந்தே போகும். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீர் வெளியேறப் பொதுவான வழி இரண்டு. 15 முதல் 20 செ.மீ. சிறுகுடலை வயிற்றுத் தோலில் திறந்து வெளியே பை ஒட்டுவது ஒன்று. அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளக் குடலில் உள்ளேயே புதுப் பை தைப்பது இன்னொன்று. கிட்னி பலவீனமானவர்களுக்கும் மூத்திரக் குழாயில் புற்று உள்ளவர்களுக்கும் இரண்டாவது வழி ஒத்துவராது. வெளிப்பை என்றால் துளை இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே, நின்று, உட்கார்ந்து, குனிந்து பார்த்துக் குறிக்க வேண்டும். வேட்டிக் கட்டோ பாவாடை நாடாவோ அந்த இடத்தில் விழக்கூடாது. படுக்க வைத்து மட்டும் குறித்தால், உட்காரும்போது தோல் மடிப்பில் துளை புதைந்து பை கழன்று ஒழுகும்.