மண்டியில் வாய் திறந்த கதை

கிருஷ்ணகிரி மண்டிக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிப் போனாலே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டன்னுக்கு 100 கிலோ கழிவு என்று மண்டிக்காரர்கள் சீட்டில் எழுதுவார்கள்; அந்த எடைக்குக் காசு கிடையாது. "சரி அண்ணா" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டில் மனைவியிடம் கத்துவேன். வீரமெல்லாம் அங்கேதான்.

ஒருமுறை கோபப்பட்டும் பார்த்தேன். குரல் நடுங்கியது, சிரித்தார்கள்.

போன ஜூனில், முதல் நாள் இரவே மாட்டுக்கொட்டகையில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன்: "50 கிலோவுக்கு மேல் கழிவு என்றால் வண்டியை இறக்க மாட்டேன் அண்ணா." மண்டிக்காரர் மழை, அழுகல், கூழ் ஆலை விலை என்று சுற்றி வளைத்தார். பதில் விளக்கம் கொடுக்காமல், குரலை உயர்த்தாமல் அதையே மூன்று முறை சொன்னேன். நடுக்கம் தெரியாதிருக்கத் தார்ப்பாய்க் கயிற்றை இறுகப் பிடித்திருந்தேன். 60க்கு இறங்கினார். கயிற்றை அவிழ்த்தேன்.