ஆன்மாவும் அனாத்மாவும்: ஒப்பிடும்போது நேரும் பிழைகள்

"இந்து சமயம் ஆன்மா உண்டு என்கிறது, பௌத்தம் இல்லை என்கிறது." பௌத்தத்தின் அந்த மறுப்பே அனாத்மா. தேர்வுக்கு இந்த வரி போதும். ஆனால் இதை நம்பி மூல நூல்களைத் திறப்பவர் உடனே இடறுவார்.

முதல் இடறல் 'உயிர்' என்ற சொல்லில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிர் என்றாலே ஆன்மாதான். பேச்சுத் தமிழில் அது மூச்சு இருக்கும் நிலை. "பௌத்தர் உயிரை மறுத்தனர்" என்று எழுதினால், உயிருள்ளதற்கும் அற்றதற்கும் உள்ள வேறுபாட்டையே மறுத்ததாகப் பொருள்படும். அவர்கள் மறுத்தது, மாறாமல் நிலைத்து நின்று 'நான்' எனத்தக்க ஒரு பொருளை. ஆகவே இந்த ஒப்பீட்டில் 'ஆன்மா' என்ற சொல்லையே பிடித்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய பிழை, மனத்தை ஆன்மாவாக எண்ணிக்கொள்வது. "மனம் கணந்தோறும் மாறுகிறது, ஆகவே ஆன்மா இல்லை" என்று வாதிட்டால் வேதாந்தியோ சைவ சித்தாந்தியோ அசையமாட்டார். சாங்கியம் என்ற தத்துவ மரபில் மனம், புத்தி, அகங்காரம் எல்லாம் பிரகிருதி என்ற மூலப்பொருளின் விளைவு, அறிவற்ற சடம். சைவ சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களிலும் இவை வெறும் கருவிகள்தாம். உடலும் மனமும் ஆன்மா அல்ல என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. அதற்கு அடுத்த படியில்தான் பிரிகிறார்கள்.

அந்தப் படியை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். இன்றைய சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குப் புத்தர் ஆற்றிய இரண்டாம் உரை மனிதன் எனப்படுவதன் கூறுகளான ஐந்து கந்தங்களை எடுத்துக்கொள்கிறது. மணிமேகலையின் தமிழில் அவை உருவு, நுகர்ச்சி, குறிப்பு (இன்னதென அடையாளம் காணல்), பாவனை (மன இயக்கங்கள்), அறிவு. உருவு என் ஆன்மாவாக இருந்தால் அது துன்பத்துக்கு உள்ளாகாது, "இப்படி இரு" என்றால் அப்படியே இருக்கும். அவ்வாறு இல்லை. ஆகவே இது என்னுடையதன்று, இது நானன்று. ஐந்துக்கும் இதே சோதனை. ஐந்தும் தேறாதபின் ஆறாவதாக ஓர் உடைமையாளனை அந்த உரை தேடுவதில்லை.

சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் அதே இடத்தில் எதிர்த்திசையில் திரும்புகிறார். அவருடைய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் "எனதுடல் என்றலின்" என்கிறது. 'என் வீடு' என்பவன் வீட்டுக்கு வேறானவன், 'என் உடல்' என்பவனும் அப்படியே. அதே சூத்திரம் "உளதிலது என்றலின்" என்றுதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றாக 'இது நானன்று' எனத் தள்ளினாலும், அப்படித் தள்ளும் அறிவுடைய ஒன்று எஞ்சுகிறது, அதுவே ஆன்மா. பௌத்தர் விடமாட்டார். அந்த அறிவே ஐந்தாவது கந்தம், அதுவும் சார்பினால், அதாவது பிறவற்றைச் சார்ந்தே தோன்றுவது என்பார். விவாதத்தின் மையம் இதுதான். இங்கே வராமல் எழுதும் எந்த ஒப்பீடும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தேர் உவமை இதை இன்னும் தெளிவாக்கும். கட உபநிடதத்தில் உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி, ஆன்மா தேரில் இருப்பவன். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனரும் தேரைத்தான் காட்டுகிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டு, பகுதிகளின் சேர்க்கைக்கு இட்ட வழக்குப் பெயரே 'தேர்' என்கிறார். ஒருவர் தேரில் இருப்பவனைக் காட்டினார், மற்றவர் தேரையே பிரித்துவிட்டார். உவமை ஒன்று என்பதால் கருத்தும் ஒன்று என்று எழுதிவிடக் கூடாது.

"பௌத்தத்தில் உணர்வுதான் பிறவிக்குப் பிறவி போகிறது" என்பது படித்தவர்களும் செய்யும் பிழை. இங்கே உணர்வு என்பது மேலே சொன்ன ஐந்தாவது கந்தமான அறிவுதான். புத்தர் காலத்திலேயே சாதி என்ற துறவி இதைச் சொல்லிக் கண்டிக்கப்பட்டார். விறகில் எரிந்தால் விறகுத் தீ, புல்லில் எரிந்தால் புல் தீ. அதுபோல உணர்வும் சார்ந்து தோன்றுவதே தவிர, பயணம் போகும் ஒரு பொருளன்று. பேதைமையில் தொடங்கி, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளில் உணர்வு மூன்றாவது கண்ணி. ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றும்போது சுடர் தாவிச் செல்வதில்லை, ஆனால் தொடர்பு உண்டு. வினைப்பயனும் அப்படியே தொடர்கிறது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: "ஆன்மா இல்லையென்றால் இறந்ததும் எல்லாம் முடிந்தது." இது உச்சேதவாதம், அதாவது சாவோடு எல்லாம் அழிகிறது என்ற கொள்கை, புத்தர் விலக்கியது. "ஆன்மா உண்டா?" என்று வச்சகோத்தர் என்ற துறவி கேட்டபோது புத்தர் பேசவில்லை. "இல்லையா?" என்றபோதும் பேசவில்லை. பிறகு தம் சீடர் ஆனந்தரிடம் காரணம் சொன்னார்: உண்டு என்றால் ஆன்மா அழியாதது என்னும் நித்தியவாதிகளோடும், இல்லை என்றால் உச்சேதவாதிகளோடும் சேர்ந்ததாகிவிடும்.

'இந்துக் கொள்கை' என்று அத்வைதத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். அத்வைதத்தில் ஆன்மா ஒன்றே. சாங்கியத்தில் புருடர், அதாவது ஆன்மாக்கள், பலர். விசிட்டாத்வைதத்தில் ஆன்மாக்கள் பல, ஒவ்வொன்றும் அணு அளவு. நியாயத்தில் அறிவு ஆன்மாவின் குணம் மட்டுமே, அதன் இயல்பன்று. பௌத்தமும் ஒரே குரலில் பேசவில்லை. புத்கலம், அதாவது 'ஆள்' என்ற ஒன்றை ஒப்புக்கொண்ட வாத்சீபுத்திரியர் என்ற பௌத்தப் பிரிவினரை மறுக்க, பௌத்த ஆசிரியர் வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் இறுதியில் தனிப் பகுதியே எழுதினார்.

நிர்வாணத்தைப் பிரம்மத்தில் கலப்பதாக எழுதுவோர் நதி கடலில் கலக்கும் உவமையைக் காட்டுவார்கள். அது முண்டக உபநிடதத்தின் உவமை. நிர்வாணம் என்பது அணைதல். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீயும் அணைவது. அங்கே கலப்பதற்கு ஒரு நதி முன்வைக்கப்படவே இல்லை. கலப்பு எல்லா இந்து மரபுகளுக்கும் பொருந்துவதுமில்லை. சைவ சித்தாந்த நூலான திருவருட்பயன் முத்திநிலைக்குத் 'தாடலை' என்ற சொல்லைக் காட்டுகிறது. தாள், தலை என்ற இரு சொற்கள் புணர்ந்து ஒரு சொல்லாக ஒலிக்கின்றன. ஆனால் தாளும் தலையும் இரண்டாகவே இருக்கின்றன. இறைவனும் ஆன்மாவும் அப்படியே.