பின்பனி முடியும் கரையை நீர்வண்ணத்தில் தீட்டுதல்

பின்பனி இளவேனிலாக மாறுவதை வரைய விரும்புவோர், பங்குனியில் சூரியன் எழுந்த அரைமணி நேரத்துக்குள் தாமிரபரணிக் கரையில் மேற்கு நோக்கி அமர்வது நல்லது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த தாளை முழுவதும் நனைத்து, ஈரம் மினுங்கும்போதே நீலத்தில் சிறிது செம்பழுப்பைக் கலந்து பொதிகை மலையைத் தீட்டினால், அதன் அடிவாரம் தானாகவே பனியில் கரையும். காய்ந்தபின், பிசான நெற்பருவ அறுவடை முடிந்த வயலில் நிற்கும் அரிதாளுக்கு (அறுத்தபின் எஞ்சிய பயிரின் அடித்தண்டு) மங்கிய காவிமஞ்சள் போதும்.

தளிர்களுக்குத்தான் பொறுமை தேவை. வேம்பின் புதுத்தளிர் செம்பு நிறம். புங்கின் தளிரோ மஞ்சள் கலந்த இளம்பச்சை. ஆகவே டியூபில் வரும் பச்சையை (அதை என் பெட்டியிலிருந்தே நீக்கிவிட்டேன்) அப்படியே பூசாமல், எலுமிச்சை மஞ்சளில் துளி நீலம் சேர்த்துக் குழைக்க வேண்டும். சில கிளைகளில் முற்றிய இலைகளையும் விட்டுவைத்தால்தான் பருவம் மாறுவது தெரியும்.