மாயக்கதைக்குள் தத்துவத்தின் வேரைத் தேடும் முறை

சிறார் மாயக்கதைகளைப் படிக்கும்போது "அட, இது சீனத்துத் தாவோ தத்துவம்", "இது கிரேக்கத்துப் பிளேட்டோ" என்று சட்டெனத் தோன்றும். அதை நிறுவுவதுதான் கஷ்டம். உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'யை வைத்துப் பழகலாம்.

எந்த நூலானாலும் சுருக்காத பதிப்பை எடுங்கள். கென்னத் கிரஹாமின் 'த விண்ட் இன் த வில்லோஸ்' (1908) நாவலில் இயற்கையின் கிரேக்கத் தெய்வமான பான் தோன்றுவது ஏழாம் அத்தியாயத்தில். சில சுருக்கப் பதிப்புகள் அதைத்தான் முதலில் வெட்டுகின்றன.

முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம். இரண்டாவதில், கதையின் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஆசிரியர் பேசும் இடங்களைக் குறியுங்கள். எர்த்ஸீயில், கூழாங்கல்லை நிஜமாகவே வைரமாக்க வழி கேட்கிறான் மாணவன் கெட். கல்லின் உண்மைப் பெயரை மாற்றினால் உலகமே மாறிவிடும், விளக்கேற்றினால் நிழலும் விழும் என்கிறார் குரு. கோடு போடவேண்டிய இடம் இது.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. நோட்டில் ஒரு பக்கம் நூல் வெளிவந்த ஆண்டு. எதிர்ப்பக்கம் ஆசிரியர் அந்தத் தத்துவத்தை எப்போது அறிந்தார், அதற்கு என்ன சான்று. லெ குவினின் தந்தை, மானுடவியலாளர் ஆல்ஃபிரெட் குரோபரிடம், பால் காரஸின் 1898 'தாவோ தே ஜிங்' (தாவோ தத்துவத்தின் மூலநூல்) பதிப்பு இருந்தது. மகள் சிறுவயதிலேயே அதைப் பார்த்தவர். 1997இல் தன் சொந்த ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார். ஆக, தாவோ நிற்கிறது. ஆனால் கெட்டைத் துரத்தும் நிழலைக் கண்டதுமே பலர், மனதின் மறைந்த பக்கத்தை 'நிழல்' என்றழைத்த உளவியலாளர் கார்ல் யுங்கிடம் ஓடுகிறார்கள். அந்த நாவலை எழுதும்போது யுங்கைப் படித்திருக்கவில்லை என்று லெ குவினே சொல்லியிருக்கிறார். நோட்டில் யுங் என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஆண்டு பொருந்தினாலும் அவசரம் கூடாது. 'த வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஆஸ்' (1900) எழுதிய ஃபிராங்க் பாம் 1892இல் சிகாகோவில் பிரம்மஞான சபை (தியோசாஃபிகல் சொசைட்டி) உறுப்பினரானவர். நம் அடையாறில் தலைமையகம் கொண்டிருந்த அதே இயக்கம். அதனால் மட்டும் கதையில் சிறுமி டோரதி நடக்கும் மஞ்சள் செங்கல் பாதை ஆன்மாவின் பயணமாகிவிடாது. கதைக்குள்ளிருந்தே சாட்சி வேண்டும். உறுப்பினர் அட்டையை வைத்து முழுக்கதைக்கும் உரை எழுதுவதுதான் இந்தத் துறையின் தொத்துநோய்.

கடைசியாக, கதை எங்கே தன் மூலத்தை விட்டு விலகுகிறது என்று பாருங்கள்; பெரும்பாலானோர் விட்டுவிடும் வேலை இது. சி.எஸ். லூயிஸின் 'த சில்வர் சேர்' (1953) நாவலில், நிலத்தடி நாட்டின் சூனியக்காரி, சூரியன் என்பதே விளக்கைப் பார்த்து நீங்கள் கற்பனை செய்தது என்று வாதிடுகிறாள். சுவரில் விழும் நிழல்களையே நிஜமென நம்பும் கைதிகளைப் பற்றிய பிளேட்டோவின் குகைக் கதை பளிச்செனத் தெரிகிறது. ஆனால் பிளேட்டோவின் கைதி வெளியே போய், கண் கூசி, சூரியனைப் பார்த்துத் தெளிகிறான். இங்கே, குழந்தைகளுக்கு வழிகாட்டியாக வந்த பட்டில்கிளம் மந்திர நெருப்பை வெறுங்காலால் மிதித்து அணைத்துவிட்டு, அஸ்லான் (கதையின் தெய்வச் சிங்கம்) என்று ஒருவர் இல்லாவிட்டாலும் நான் அஸ்லான் பக்கம்தான் என்கிறான். இது பிளேட்டோவிடம் கிடைக்காது, லூயிஸின் கிறிஸ்தவ விசுவாசம் பேசும் இடம். இதை வேறு நிறப் பென்சிலால் குறியுங்கள்.